எந்தக் கையால் மணி அடித்தது

"இன்னா பாத்த?" என்றுதான் மெஸ் அக்கா கேட்பார். சாப்பிட்டாயா, ஊரில் எல்லோரும் சுகமா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளின் முகத்தைப் பார்ப்பார். கரண்டி அந்தரத்தில் நிற்கும். பதில் வரும்வரை அது சாயாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்த தொழிற்சாலையின் பின்வாசலுக்கு எதிரே அக்காவின் மெஸ் இருந்தது. தகரக் கூரை, நான்கு பெஞ்சு, ஒரு தண்ணீர் டிரம். அக்கா தினமும் பூந்தமல்லியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். நான் தரப் பரிசோதனைப் பிரிவு. போன முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"நீ புச்சா? உள்ள இன்னா வேல?"

"பார்ட்ஸ் செக் பண்ற வேலக்கா."

"காலைலேர்ந்து இன்னா பாத்த?"

"ஒண்ணுமில்லக்கா. எப்பவும் போலதான்."

"நாலு மணி நேரம் கண்ண மூடிகினா இருந்த?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பேரிங் வைக்கும் கூடு ஒன்றில் முடி ஒட்டியிருப்பதுபோல ஒரு கோடு இருந்ததையும், துடைத்துப் பார்த்தும் போகாததால் அது விரிசல் என்று தெரிந்ததையும் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்துல."

"இப்ப சொன்ன பாரு," என்றார். கரண்டி சாய்ந்தது.

அதற்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் போகும் முன் சொல்வதற்கு ஒன்றை மனதில் தயாராக வைத்துக்கொள்வேன். எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் ஊட்டிக்குப் போய்வந்து, கேள்வி வருவதற்கு முன்பே போனை நீட்டினார்.

"போன உள்ள வையி. அது பாத்தத அதுங்கிட்டயே கேட்டுக்குறேன். நீ பாத்தத நீ சொல்லு."

"சூப்பரா இருந்துச்சுக்கா."

"சூப்பர்னா இன்னா கலரு?"

அந்த எஸ்டேட்டை விட்டுப் போகும்வரை அவருக்குச் சூப்பர் அண்ணன் என்றே பெயர்.

நான் சேர்ந்து எட்டு வருடம் கழித்து தொழிற்சாலைக்கு உள்ளேயே உணவகம் வந்துவிட்டது. மெஸ் மூடிவிட்டது. அக்காவை மறுபடி பார்த்தது முகப்பேரில், ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரின் கூட்டத்தில்.

எங்கள் பக்கத்திலிருந்து கும்பலாக ஐரோப்பா போகிறவர்கள் சமையலுக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விளம்பரத் தாளில் நகரங்களின் பெயர்களுக்கு மேலே, அவற்றைவிடப் பெரிய எழுத்தில் 'நம்ம ஊர் சாப்பாடு' என்று இருக்கும். அப்பா ஓய்வு பெற்றதும், எங்கள் பருத்திப்பட்டிலேயே நடந்து நடந்து ஏரிக்கரை தேய்ந்துவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், மூன்று பேரும் அப்படி ஒரு பயணத்தில் சேர்ந்தோம். ஏற்பாட்டாளரை எல்லோரும் சார் என்றார்கள். நவக்கிரகக் கோயில் சுற்றுலாவில் தொடங்கி வியன்னா, பிராக் என்று வளர்ந்தவர்.

கூட்டத்தின் கடைசி வரிசையில், மடியில் மிளகாய்த்தூள் பொட்டலங்களோடு அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இது மூன்றாவது பயணம்.

எனக்குப் பட்டியல் போடுவது பிடிக்கும் என்பதைச் சார் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். வேலை என் தலையில் விழுந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், அறை, பஸ் இருக்கை, யாருக்கு என்ன மாத்திரை, யார் பெட்டியில் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ பருப்பு. மொத்தம் இருபத்தெட்டு வரிசை. சாரும் தனக்கென ஒரு வரிசை கேட்டு வாங்கிக்கொண்டார், அவர் இருபத்தெட்டாவது.

"சார், அக்கா பேர் விட்டுப்போச்சு."

"அவங்க ஸ்டாஃப்மா. ஸ்டாஃபுக்கு லிஸ்ட் தனி."

அப்படித் தனியாக ஒரு பட்டியல் இருந்தால் அதைப் போடவேண்டியவளும் நான்தான். அப்படி ஒன்று இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் மேலே கேட்கவில்லை.

ஆனால் விசாவில் அக்காவும் சுற்றுலாப் பயணிதான். அதற்காகச் சார் அவரை எல்லோர் முன்னாலும் பழக்கினார்.

"கவுன்டர்ல பர்ப்பஸ்னு கேப்பான். சைட்சீயிங்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?"

"சைட்சீயிங்."

"சமையல்ங்கிற வார்த்தை வாய்ல வரவே கூடாது."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் இறங்கிய முதல் விமான நிலையத்தில் அக்காவுக்குப் பின்னால் நான் நின்றேன். அதிகாரி கேட்டார். அக்கா, "சைட்சீயிங்" என்றார். பிசிறில்லாமல் வந்தது. அதிகாரி அதோடு விடவில்லை. என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சார் சொல்லிக்கொடுக்காத கேள்வி. அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"கிளாக்," என்றார். "பிராக் கிளாக்."

முத்திரை விழுந்தது. இந்தப் பக்கம் வந்ததும் என் கையைப் பிடித்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"பொய் சொல்லலமா நானு. இந்த வாட்டி பாத்துருவேன். சாரு சொல்லிக்கீறாரு, ரெண்டாம் நாளு காலைல கூட்டிகினு போறன்னு."

பிராக் நகரின் பழைய மண்டபச் சுவரில் பல நூறு வருடமாக ஓடுகிற கடிகாரம் அது. மணிக்கு ஒரு தடவை, பக்கவாட்டில் நிற்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கும். மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்து பொம்மைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் ஒரு சேவல் கூவும். முந்தைய இரண்டு பயணங்களிலும் அக்காவிடம் சாப்பிட்டவர்கள் இதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சொன்னதில்தான் சிக்கல்.

"பொம்ம எத்தினின்னு கேட்டா ஒருத்தர் பத்துன்றார், ஒருத்தர் பன்னண்டுன்றார். ஒரம்மா பொம்மையே வரலன்னுது. அந்த எலும்புக்கூடு எந்தக் கையால கயித்த இஸ்துதுன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரில. அத்தினி பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துது."

"இது ஒரு பெரிய விஷயமாக்கா?"

"எலும்புக்கூடு வந்து நம்மள பாத்து மணி அடிக்கிது. எந்தக் கையின்னு கூடவா பாக்க மாட்டாங்க?"

அதே நகரத்தில் இரண்டு பயணத்திலுமாக அக்கா பார்த்தது விடுதிச் சமையலறையின் பின்கதவு வழியாகத் தெரிந்தது மட்டும்தான். அதை என்னிடம் சொன்னார். குப்பைத் தொட்டிகள்: காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள். அப்பால் டிராம் திரும்புகிற இடம். காலையில் ஒரு டிராமை ஓட்டிவருகிற பெண்ணுக்குச் செம்பட்டை முடி. திருப்பத்தில் நிற்கும்போது ஆப்பிள் தின்பாள், கடைசிக் கடியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வாள். "போன வாட்டி முடிய வெட்டிகினா," என்றார். ஒரு வருட இடைவெளியில் கவனித்தது.

பிராக்கில் இரண்டாம் நாள் காலை. எட்டரைக்குள் இருபத்தெட்டு டப்பாக்களில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அடைத்து முடித்திருந்தார் அக்கா. பஸ்ஸுக்கு வரும்போது மயில் கழுத்து நிறப் புடவை, மேலே யாரோ கொடுத்த மெரூன் ஸ்வெட்டர், புதிய வெள்ளை ஷூ. தலையில் பூவுக்குப் பதிலாகப் பெரிய கிளிப். டப்பாக்களை எல்லோர் மடியிலும் கொடுத்துவிட்டு, முன் படியில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். சார் என் பட்டியலை வாசித்தார். இருபத்தெட்டு பெயர், இருபத்தெட்டு 'வந்தாச்சு'. பிறகு மைக்கை எடுத்தார்.

"ஒரு சின்ன விஷயம். ஓட்டல்காரன் இன்னிக்கு பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும்தான் கிச்சன் தருவானாம். நாம திரும்பி வர சாயங்காலம் ஆயிடும். அக்கா நம்மகூட வந்துட்டா ராத்திரிக்கு நம்ம சாப்பாடு இருக்காது. வெளில பீட்சா கீட்சா பாத்துக்கணும். நான் ஒண்ணும் சொல்லல. மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதான். ராத்திரிக்கு ரசம் சாதம் வேணுங்கறவங்க கை தூக்குங்க."

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டாம் வரிசையில் இருந்தார். அவர்தான் முதலில் கை தூக்கினார். "அவங்க ஏற்கெனவே ரெண்டு தடவ பிராக் வந்தவங்கதானே," என்றார்.

கைகள் வரிசை வரிசையாக எழுந்தன. அம்மாவுக்கு இரண்டு நாளாக ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா தூக்கினாள், அப்பாவும் தூக்கினார். "தூக்குடி, சாயங்காலம் நான் என்னத்தத் தின்பேன்?" என்று என் விலாவில் இடித்தாள்.

நான் கை தூக்கினேன்.

சார் எண்ணினார். தன் கையையும் தூக்கி அதையும் சேர்த்துக்கொண்டார். "இருபத்தெட்டு. ஒரு மனசா சொல்லிட்டீங்க."

அக்கா எங்களைப் பார்த்தார். முன் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, அவசரமில்லாமல், ஒவ்வொரு கையாக. பின்பு, "மூடிய மெதுவா தொறங்க, எண்ண வழியும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. பஸ் திரும்பும்போது விடுதியின் பக்கவாட்டுச் சந்தில் அந்த மெரூன் ஸ்வெட்டர் தெரிந்தது. முன்வாசல் வழியாகப் போகவில்லை.

இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் எளிதில் கோபப்படுகிறவள் அல்ல. தவறான பாகம் வந்தால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததை எடுப்பவள். இதற்கு அட்டை கட்டி ஒதுக்க முடியவில்லை. சார்மீது கோபப்படுவது சுலபம். சமையலறை நேரம் அன்று காலையில் மாறியதல்ல. நாங்கள் வந்த அன்றே வரவேற்பு மேசையில் ஒட்டியிருந்த தாளில் அது இருந்தது. பிறகு நான் போய்ப் படித்தேன். மனிதர் அது தெரிந்த பிறகும் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றிச் சொல்லவில்லை. வாக்கை மீறும் வேலையை எங்கள் கைகளை வைத்து முடித்துக்கொண்டார். அந்த மேலாளர்மீதும் கோபப்படலாம். ஆனால் அவர்களிடம் அக்கா எட்டு வருடம் சோறு போட்டுக் கேள்வி கேட்டதில்லை. அந்தப் பஸ்ஸில் அவர் எதைப் பார்க்க வந்தார் என்பதை முத்திரை விழும் இடத்திலிருந்து கேட்டவள் நான் ஒருத்திதான். ஒரே ஒரு கை எழாமல் இருந்திருந்தால் 'ஒரு மனசா' என்று அந்த ஆள் சொல்லியிருக்க முடியாது. அதனால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது. இருபத்தேழு போதும். ஆனால் அக்கா எண்ணியிருப்பார்.

பதினொரு மணிக்குக் கடிகாரத்தின் முன் நின்றோம். சதுக்கம் நிறைய ஆட்கள். மணி நெருங்க நெருங்க அத்தனை பேரும் போனைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். நானும். திரையில் கடிகாரம் நடுவில் இருக்கிறதா, வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணி கேட்டது. ஏதோ அசைந்தது. சேவல் மூச்சடைத்தாற்போல் ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். பக்கத்துத் தெரு பெஞ்சுகளில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். உப்பு ஒரு துளி கம்மி என்றார் மேலாளர்.

அன்று மாலை விடுதி உணவறையில் வரிசை நின்றது. அக்கா பழைய நூல் புடவையில் இருந்தார். கரண்டி நிற்கவே இல்லை. தட்டு வந்தது, சோறு விழுந்தது, அடுத்த தட்டு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சிலருக்கு அது நிம்மதியாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். நான் வேண்டுமென்றே கடைசியில் நின்றேன்.

"அக்கா, வீடியோ எடுத்துட்டு வந்துருக்கேன். பாக்குறீங்களா?"

"உள்ள வையி."

"முழுசா இருக்குக்கா. சேவல்கூட..."

"எந்தக் கையால அடிச்சிது?"

எனக்குத் தெரியவில்லை. மணிச் சத்தம் காதில் இருந்தது. கை இல்லை.

"கூட்டமா இருந்துச்சுக்கா."

"சரி."

"ஓடவிட்டுப் பாத்துச் சொல்லட்டுமா?"

"வாணாம்." கரண்டியால் ரசத்தைக் கலக்கினார். "நீ எந்தக் கைய தூக்குனன்னு எனக்குத் தெரியும். வலது கை. வாட்ச் கட்டிகினு கீற பாரு, அந்தக் கை. தூக்குறப்போ கை முட்டி ஜன்னல் கண்ணாடில இட்ச்சிது." தட்டைப் பார்த்தார். "ரசம் ஊத்தவா?"

ஊற்றினார். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், முகப்பேரில் ஒரு சிறிய மண்டபத்தில் சார் எங்களை மறுபடி கூட்டினார். நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள என்று சொன்னார். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்க என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றும் சமையல் அக்காதான். திரையில் எல்லோருடைய வீடியோக்களையும் கோத்து ஓடவிட்டார்கள். பிராக் கடிகாரம் வந்ததும் கைதட்டல். சாப்பாட்டு வரிசை அண்டாக்களின் முன்னால் கூடியது. மேலாளர் முதலாவதாகத் தட்டை நீட்டினார். கரண்டி நின்றது.

"இன்னா பாத்த சார் பிராக்ல?"

"அதான் திரையில ஓடுதேம்மா. கிளாக்."

"அந்த எலும்புக்கூடு எந்தக் கையால மணி அடிச்சிது?"

"வலது கைதான்," என்றார் மேலாளர். "இல்லைங்க, இடது," என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி. யாரோ வீடியோவை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். எலும்புக்கூடு இருக்கவேண்டிய இடத்தில் யாருடைய போனோ உயர்ந்திருந்தது. அடுத்த வீடியோவில் ஒரு தொப்பி. என்னுடையதில் என் விரல்.

"அது வாணாம், அணைங்க," என்றார் அக்கா. "வலது கைன்றவங்க கை தூக்குங்க."

சிலர் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் அவர்களும் நிறுத்தினார்கள்.

"இடதுன்றவங்க?"

இன்னும் சில கைகள்.

சார் வேகமாக வந்தார். "அக்கா, என்ன வெளையாட்டு இது? சாப்பாடு ஆறுது."

"ஆறட்டும் சார். நான் ஒண்ணும் சொல்லல. மெஜாரிட்டி இன்னா சொல்லுதோ அதான்."

அம்மா என் பக்கத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா தலைகளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீ ஏம்மா எதுக்கும் தூக்கல?"

"நான் பாக்கலக்கா."

"இந்தக் கைய அன்னிக்கி கீழ வெச்சிருக்கலாம்," என்றார்.

திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பிறகு எல்லோருக்கும் பரிமாறினார். யாருக்கும் ஒரு கரண்டி குறையவில்லை. பாத்திரங்களை ஒழித்துக் கவிழ்த்துவிட்டு, சார் மேடையில் அடுத்த பயணத்தின் நகரங்களை அறிவித்துக்கொண்டிருக்கும்போதே மேடைக்கு அருகில் போய் நின்றார்.

"என் பாஸ்போர்ட்ட குடு சார்."

"அடுத்த ட்ரிப்புக்கு விசா போடணுமேக்கா. எங்கிட்டயே இருக்கட்டும்."

"குடு."

மைக் திறந்தே இருந்தது. சார் எங்களைப் பார்த்தார். கை தூக்கச் சொல்ல இம்முறை அவருக்குத் தோன்றவில்லை. பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி மூன்று பயணத்தின் முத்திரைகளும் இருக்கின்றனவா என்று பார்த்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதைக் கூடையில் கரண்டிகளுக்குக் கீழே செருகிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே வாசல்வரை போனேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் 'இன்னா பாத்த?' என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

எந்தக் கை என்று இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேடவில்லை.

அந்தப் பட்டியல் இன்னும் என் கணினியில் இருக்கிறது. பெயர், அறை, இருக்கை, அரிசி, பருப்பு. இருபத்தெட்டு வரிசை. எத்தனையோ தடவை திறந்து இருபத்தொன்பதாவது வரிசையில் கர்சரை வைத்திருக்கிறேன். பெயரை அடிக்க இரண்டு நொடி ஆகாது. ஆனால் பரிசோதனை முடிந்த ஏட்டில் பிறகு போய் எழுதினால் அதற்கு எங்கள் வேலையில் ஒரே பெயர்தான்: பொய்க் கணக்கு. இப்போது சேர்த்தால் அன்று காலை அக்காவும் பஸ்ஸில் இருந்ததாக ஆகிவிடும். இங்கேயும் அவர் பெயரை நான் எழுதாதது அதனால்தான்.

அவர் பஸ்ஸில் இல்லை. இருபத்தெட்டு பேர் இருந்தோம். பதினோராவது வரிசை நான்.